யூரிக் அமிலம்: பருப்பை நிறுத்தியும் இறங்கவில்லையா?

அண்ணா, இந்த வருடம் இரண்டு தடவை கால் பெருவிரல் வீங்கியது, யூரிக் அமிலம் லிட்டருக்கு 0.52 மில்லிமோல், பருப்பை விட்டும் இறங்கவில்லை, டாக்டர் சொன்ன அலோப்யூரினால் மாத்திரையைத் தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பாவம் பருப்பு! உடைந்து யூரிக் அமிலமாகும் பொருளுக்குப் பியூரின் என்று பெயர்; தாவரப் பியூரின் கௌட்டை, அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் இந்த வீக்கத்தை, பெரிதாகக் கூட்டுவதில்லை. சாம்பார் சாப்பிடுங்கள். ஆனால் டர்பன் கரைக்கு மத்தி வரும் ஜூன், ஜூலையில் தினமும் மீன்தான் என்றும் எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான். மீன் செத்ததும் அதன் தசைக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருள் படிப்படியாக உடைந்து ஹைப்போசாந்தைன் என்ற பியூரின் ஆகிறது. நம் செல்களிலும் இது உண்டாகிறது. ஒரு பகுதியை உடல் மீட்டு மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். மிச்சத்தை சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி முதலில் சாந்தைனாகவும் பிறகு யூரிக் அமிலமாகவும் மாற்றும். அதையும் உடைக்கும் யூரிகேஸ் என்ற நொதி பெரும்பாலான பாலூட்டிகளுக்கு உண்டு, நமக்கு இல்லை. இனிப்புக் குளிர்பானமும் எதிரிதான்: அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை கல்லீரலின் ஏடிபியைக் கரைத்து இதே பாதையில் தள்ளும். பீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இருந்தாலும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலே உண்டாக்குவது. பத்தியத்தால் மட்டும் இலக்கான 0.36-க்குக் கீழே வருவது கஷ்டம். அலோப்யூரினால் ஹைப்போசாந்தைனைப் போலவே உருவம் கொண்டு சாந்தைன் ஆக்சிடேஸை அடைக்கிறது. டாக்டர் சொன்னபடி தொடங்குங்கள். குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றுவார்கள். முதல் சில மாதங்களில் வலி திரும்பினால் பயந்து நிறுத்தாதீர்கள். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ நோய் எதிர்ப்பைக் குறைக்கும் அசாதயோப்ரின் மருந்து எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.