வெளியே போகும் நாளில் அப்பா நீர் மாத்திரை போடுவதில்லை என்றால்

மாத்திரையை நிறுத்த வேண்டாம். போடும் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் முடியும். லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரை, விழுங்கிய 1 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, சுமார் 6 மணி நேரம் சிறுநீரை இழுக்கும். வெளியே போகும் நாளில், வீடு திரும்பியதும் மதியம் போட்டுக்கொள்ளப் பலருக்கும் அனுமதிப்பார்கள். மாலை 4 மணியைத் தாண்டினால் ராத்தூக்கம் கெடும்.

"இதயம் பலவீனம்னு தெரிஞ்சும், பஸ்ல போற நாள்ல மாத்திரையை ஒளிச்சு வைக்கிறார், ஒரே பிடிவாதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பிடிவாதமாகத் தெரியவில்லை. நடுவழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முடியாது, இறங்குகிற இடத்தில் கழிப்பறை இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. வேட்டி நனைந்துவிடுமோ என்ற பயத்தைப் பெற்ற பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல எந்த அப்பாவுக்கும் கூச்சமாக இருக்கும். "ஏன் போடல?" என்பதை விட்டு, "போட்டா எதுப்பா கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அதை டாக்டரிடமும் அவரே சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பார்த்து, காலண்டரில் அவர் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, செருப்பு வார் இறுக்கிப் பிடித்தாலோ உடம்பில் நீர் சேருகிறது. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

விட்டுப்போன வேளைக்கு ஈடாக இரண்டு மாத்திரை போடக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.