ஸ்பானிய மொழியில் எந்தச் சொல் எங்கே? – கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலத்தின் 'டைம்' என்ற சொல்லுக்கு அகராதி தியெம்போ, ஓரா, வெஸ் என மூன்றைக் காட்டுகிறது. எதை எடுப்பது?

பதில்: ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொண்டு தேடுவதால்தான் இந்தத் திண்டாட்டம். சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எனக்கு நேரமில்லை' என்றால் தியெம்போ. 'மணி என்ன?' என்றால் ஓரா. 'கே ஓரா எஸ்?' என்று கேட்க வேண்டும். 'இரண்டு தடவை' என்றால் வெஸ். பன்மையில் 'தோஸ் வெசெஸ்'. ஆங்கிலம் ஒரே மூட்டையாகக் கட்டியதைத் தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. தியெம்போவுக்கு வானிலை என்ற பொருளும் உண்டு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: 'பிளே'?

பதில்: விளையாடினால் ஹுகார், வாத்தியம் வாசித்தால் தொகார். தொகாருக்குத் தொடுதல் என்றும் பொருள். தமிழ்க் காதுக்கு இதைவிட எளிய நினைவுக்குறிப்பு கிடைக்காது.

கேள்வி: 'ஆஸ்க்' என்பதற்கு உங்கள் தமிழ் வழி உதவவில்லையே? நமக்கும் 'கேள்' ஒன்றுதானே?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிட மோசம். பாட்டுக் கேட்பதையும் அதே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆகவே, கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். விடை வேண்டுமென்றால் ப்ரெகுந்தார். பொருளோ உதவியோ சலுகையோ வேண்டுமென்றால் பெதீர். விலை கேட்பது ப்ரெகுந்தார், தள்ளுபடி கேட்பது பெதீர். மன்னிப்புக் கேட்பதும் பெதீர்தான். ஆனால் 'கேள்வி கேட்டான்' என்று சொல்ல இரண்டும் வேண்டாம். ஸ்பானியர்கள் கேள்வியைச் 'செய்கிறார்கள்': ஆசேர் உனா ப்ரெகுந்தா.

கேள்வி: 'தெரியும்' என்பதற்குச் சபேர், கொனோசேர் இரண்டும் உள்ளன. ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

பதில்: எல்லோரும் தடுமாறும் இடம் இது. தகவலும் திறமையும் சபேர். ஆளும் ஊரும் கொனோசேர். மாட்ரிட் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரிந்தவர் சபேர் சொல்லலாம். மாட்ரிட்டுக்குப் போய்வந்தவர்தான் கொனோசேர் சொல்ல முடியும். நீச்சல் தெரியும் என்பதற்குச் 'சே நதார்' போதும். இடையில் 'எப்படி' என்ற சொல்லை நுழைக்காதீர்கள். மரியாவைத் தெரியும் என்றால் 'கொனோஸ்கோ அ மரியா'. அந்த 'அ' நம் இரண்டாம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. ஆட்களுக்கு அதை விட்டுவிடக் கூடாது.

இறந்தகாலத்தில் விஷயம் இன்னும் சுவையாகிறது. 'கொனோசீ அ மரியா' என்றால் மரியாவை முதன்முதலாகச் சந்தித்தேன் என்று பொருள். 'சுபே' என்றால் எனக்குத் தெரியவந்தது. வெறுமனே 'எனக்குத் தெரிந்திருந்தது' என்று சொல்ல 'சபீயா' வேண்டும். அகராதி இதையெல்லாம் ஒரு வரியில் சொல்லாது.

கேள்வி: 'கார்னர்'?

பதில்: தெருமுனை எஸ்கீனா, அறையின் மூலை ரின்கோன். வெளிப்பக்கமா உட்பக்கமா என்பதுதான் கணக்கு.

கேள்வி: பஸ்ஸைப் பிடிப்பதற்குக் கொஹேர் என்று படித்தேன். அதைச் சொல்லாதே என்கிறார் மெக்சிகோ நண்பர்.

பதில்: நண்பர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார். ஸ்பெயினில் அது அன்றாடச் சொல். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் பாலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். தொமார் என்று சொல்லுங்கள், எங்கும் செல்லும்.

கேள்வி: அகராதி ஐந்தாறு சொற்களைக் கொட்டும்போது எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: தேர்ந்த சொல்லைத் திருப்பித் தேடுங்கள். 'டேட்' என்பதற்கு ஃபெச்சா, சீதா, தாதில் என்று வரும். ஒவ்வொன்றையும் ஸ்பானியப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஃபெச்சா நாட்காட்டித் தேதி, சீதா முன்கூட்டிப் பேசிவைத்த சந்திப்பு, தாதில் பேரீச்சம்பழம் என்று தெளிந்துவிடும். கொஞ்சம் படிக்க வந்துவிட்டால், 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், மருத்துவரிடம் பேரீச்சம்பழம் கேட்டு நிற்பீர்கள்.