வெறும் வயிறு, டெஸ்ட் டோஸ், ஒவ்வாமை: நர்ஸ் அக்கா பதில்கள்

மதுரையில் மெடிக்கல் வார்டிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் பதில் சொல்கிறார்.

அப்பாவுக்கு நாளைக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை டெஸ்ட். முதல் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு வர்றோம். மாத்திரை போட்டுட்டு வரலாமா அக்கா? (மேலூர்)

வேண்டாம் தம்பி. எட்டு மணி நேரம் தண்ணி மட்டும்தான். காலை மாத்திரை, இன்சுலினைக் கையில் எடுத்துட்டு வாங்க, கூடவே நாலு இட்லியும். ரத்தம் எடுத்ததும் வழக்கம்போலப் போட்டுச் சாப்பிடலாம். டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா அதுபடி செய்யுங்க. வரிசையில் நிக்கும்போது வேர்த்து, கை நடுங்கினா டெஸ்ட்டைப் பத்தி யோசிக்காதீங்க. நினைவா இருந்து விழுங்க முடிஞ்சா உடனே சர்க்கரைத் தண்ணி கொடுத்துட்டு நர்ஸைக் கூப்பிடுங்க. டெஸ்ட்டை இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

"சாப்பிடலை"ன்னுதான் சொல்றாங்க சிஸ்டர், ரிப்போர்ட்ல சர்க்கரை எகிறுது. (நர்சிங் மாணவி, உசிலம்பட்டி)

"சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டா அந்தப் பதில்தான் வரும் தங்கச்சி. நம்ம ஊர்ல காப்பியோ, பஸ் ஸ்டாண்டுல குடிச்ச பருத்திப்பாலோ சாப்பாட்டுக் கணக்குல வராது. "எந்திரிச்சதுலருந்து வாயில என்னென்ன போட்டீங்க?"ன்னு கேளு. வெத்தலை வரைக்கும் வெளிய வரும்.

மருந்துக்கும் இப்படித்தான். "அலர்ஜி உண்டா?"ன்னா பாதிப் பேர் இல்லைன்னு தலையாட்டுவாங்க. "எந்த ஊசி, மாத்திரையாலயாவது உடம்பு தடிச்சுதா, மூச்சு முட்டுச்சா?"ன்னு கேளு. லேகியம், கஷாயம், மெடிக்கல்ல சொல்லி வாங்குற வலி மாத்திரை எல்லாத்தையும் தனித்தனியா கேளு. பதிலைக் கேஸ் ஷீட்டோட முன்பக்கத்துல எழுது, உள்ள ஒளிச்சு வைக்காதே.

டெஸ்ட் டோஸ்ல (ஒத்துக்குமான்னு பாக்க முதல்ல போடுற கொஞ்ச மருந்து) ஒண்ணும் ஆகலை. முழு ஊசியும் போட்டதும் உடம்பெல்லாம் தடிச்சு, பிரஷர் இறங்கிடுச்சு. முதல்ல ஏவில் (அலர்ஜி மருந்து) போடுறதுதானே சரி? (ஸ்டாஃப் நர்ஸ், திருமங்கலம்)

இல்லை. முதல்ல அட்ரினலின். பெரியவங்களுக்கு 1:1000 ஆம்பூல்ங்கிற குட்டி மருந்துக் குப்பியிலருந்து 0.5 மி.லி., தொடையோட வெளிப்பக்க நடுச் சதையில். அஞ்சு நிமிஷத்துல தேறலைன்னா மறுபடியும். ஏவிலும் ஹைட்ரோகார்டிசோன்ங்கிற ஸ்டீராய்டும் பின்னாடி வரலாம், ஆனா மூச்சுக்குழாயைத் திறக்கிறதும் பிரஷரைத் தூக்குறதும் அட்ரினலின்தான். அதுக்கு முன்னாடி ஒத்துக்காத அந்த மருந்தை நிறுத்து, ஊசி வழியை மட்டும் எடுத்துடாதே, சலைன் ஏத்த அதுதான் வேணும். ஆளைப் படுக்க வச்சுக் காலைத் தூக்கி வை, மூச்சுத் திணறினா சாய்ஞ்சு உக்காரட்டும். ஆக்சிஜன் போடு, டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பு. நீ பக்கத்துலயே இரு.

தேறினதும் வீட்டுக்கு அனுப்பிடக் கூடாது. சில மணி நேரம் கழிச்சு அதே ஒவ்வாமை மறுபடி வர்றதுண்டு. டெஸ்ட் டோஸ் தாங்கினதை நம்பி ஊசி போட்டுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடறதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். அட்ரினலின் எந்த டிரேயில இருக்கு, காலாவதி ஆகலையான்னு டூட்டி ஏறும்போதே பாத்துடணும்.

அம்மாவுக்கு இறால் ஒத்துக்காது. சாய ஊசி போட்டு சிடி எடுக்கலாமா? (சோழவந்தான்)

இறால் பெரிய தடையில்லை, சொல்லி மட்டும் வைங்க. முன்னாடி சாய ஊசியாலயே ஒவ்வாமை வந்துச்சா, ஆஸ்துமா இருக்கா, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) எவ்வளவுங்கிறதுதான் முக்கியம். சிறுநீரகம் பலவீனமா இருந்து மெட்ஃபார்மின்ங்கிற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டா, அதை நிறுத்தி 48 மணி நேரம் கழிச்சு கிரியேட்டினின் பாத்துட்டுத்தான் திரும்ப ஆரம்பிப்பாங்க.

24 மணி நேர யூரின் எப்பலருந்து பிடிக்கணும்?

காலைல முதல்ல போறதைக் கொட்டிட்டு, மணியைக் குறிச்சுக்கோங்க. அதுக்கப்புறம் எல்லாத்தையும் பிடிங்க, மறுநாள் அதே நேரத்துல போறதையும் சேத்து. ஒரு தடவை தவறினாலும் முதல்லருந்துதான்.

மருந்துப் பக்கவிளைவை நர்ஸ் எழுதி அனுப்பினா வம்பு வருமா? எந்த மருந்துன்னு உறுதியாவும் தெரியலை.

சந்தேகமே போதும். மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்க 2010லருந்து ஒரு தேசியத் திட்டம் இருக்கு. டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் யாரும் அனுப்பலாம், நோயாளியும் அனுப்பலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. எழுதினதாலேயே தப்பை ஒத்துக்கிட்டதா ஆகாது. நோயாளி பேரோட முதலெழுத்து, வயசு, என்ன ஆச்சு, எப்ப ஆரம்பிச்சுது, எந்த மருந்து, எழுதுறவர் யாருன்னு இருக்கணும். பேட்ச் நம்பர் இருந்தா இன்னும் நல்லது, அதனால காலி ஆம்பூலைக் குப்பையில போடறதுக்கு முன்னாடி குறிச்சு வச்சுக்கோங்க.