பட்டறை ஓடுகிறது, தூக்கம் ஓடவில்லை

வணக்கம் ஐயா,

ஓசூரில் மூன்று சி.என்.சி. லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். ஆறு பேர், இரண்டு ஷிப்ட். ஆர்டருக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் எழும்போதே அலுப்பாக இருக்கிறது. நைட் ஷிப்ட் பையன் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் போன் செய்கிறான். கம்பெனிகள் பேமெண்ட்டை மூன்று மாதம் இழுக்கின்றன. வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். ஒகேனக்கல்லில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன், திங்கட்கிழமையே பழையபடி ஆகிவிட்டது. நண்பர் பத்து நாள் தியான முகாமுக்குக் கூப்பிடுகிறார். மச்சான், லோன் போட்டு நாலாவது மிஷின் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார். எதைச் செய்யட்டும்?

பெயர் வேண்டாம், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முகாமில் தப்பில்லை. ஆனால் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பத்து நாளும் பட்டறை நினைப்புதான் ஓடும். உங்கள் கடிதத்தில் வேலை அதிகம் என்ற புகாரே இல்லை, கவனித்தீர்களா? ராத்திரி போன், தேதி தெரியாத பணம் இரண்டும்தான் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் எந்த ஓய்வும் உடம்பில் ஒட்டாது.

போனை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தப் பையன் கூப்பிடுவது அவனுக்கு வேலை தெரியாததால் அல்ல, செட்டிங் முழுக்க உங்கள் தலையில் இருப்பதால். அடிக்கடி ஓடும் பத்து பார்ட்டுக்கும் தனித்தனி ஷீட் எழுதுங்கள். புரோகிராம் நம்பர், டர்ரட்டில் (டூல்கள் மாட்டும் சுழல் தலை) எந்த இடத்தில் எந்த டூல், இன்சர்ட் (மாற்றிப் போடும் வெட்டு முனை) கிரேடு, சாஃப்ட் ஜா (ஜாப்பைக் கவ்வும் தாடை) எந்த விட்டத்துக்கு போர் செய்தது, சக் (ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) பிரஷர், ஒரு முனைக்கு எத்தனை பீஸ், எந்த அளவை எத்தனை பீஸுக்கு ஒருமுறை எதை வைத்துப் பார்ப்பது. ஜாப் பிடித்திருக்கும் விதத்தை ஒரு போட்டோ எடுத்து ஒட்டுங்கள். சக் பிரஷரை விட்டுவிட வேண்டாம். சுவர் மெல்லிய பார்ட்டை இறுக்கிப் பிடித்தால் சக்கில் இருக்கும்வரை வட்டமாக இருக்கும், கழற்றியதும் ஓவலாகிவிடும். பையன் ஆஃப்செட்டை, அதாவது மிஷினில் டூலுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தத்தைத் திருகிக்கொண்டே விடியவிடிய உட்கார்ந்திருப்பான்.

இன்சர்ட் மாற்றும்போது வரும் சிக்கலைத் தனியாக எழுத வேண்டும். வெளி விட்டத்தில் முனை தேயத்தேய ஜாப் பெரிதாகும், ஆபரேட்டர் வியர் ஆஃப்செட்டில் (தேய்மானத் திருத்தம்) கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டு வருவார். புது முனை போட்ட பிறகும் அந்தக் கழிவு அப்படியே இருந்தால் முதல் பீஸே அளவு குறைந்து ரிஜெக்ட். எனவே ஷீட்டில் இப்படிப் போடுங்கள்: பழைய கழிவை எடுத்துவிடு, 0.2 மி.மீ. கூட்டிவை, ஒரு பீஸ் ஓட்டு, அளந்து பார், மிச்சத்தைக் கழி. உள் விட்டமென்றால் தலைகீழ். அதோடு ஒரு வரம்பும் வேண்டும். ஒரே தடவையில் 0.03 மி.மீ.வரை அவரே திருத்தலாம். அதற்குமேல் கேட்டால் ஆஃப்செட்டைத் தொடாமல் இன்சர்ட் உட்காரும் இடத்தில் சிப்ஸ் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த எண்ணை உங்கள் பார்ட்டின் டாலரன்ஸுக்கு ஏற்ப நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மிஷின் கதவில் மூன்று வரி ஒட்டுங்கள். ஆளுக்கு அடிபட்டால், தீயோ கரண்ட் கோளாறோ வந்தால், டூல் சக்கில் மோதினால் கூப்பிடலாம். மற்றபடி ஜாப்பில் சிவப்பு டேக், நோட்டில் ஒரு வரி, அடுத்த மிஷினுக்குப் போகலாம். முதல் இரண்டு வாரம் ரிஜெக்ஷன் கூடத்தான் செய்யும். அதற்குப் பயந்து மறுபடி ராத்திரி போனை எடுத்தீர்களானால் ஷீட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது பணம். பணம் குறைவாக இருப்பதைவிட எப்போது வரும் என்று தெரியாததுதான் ராத்திரியில் புரட்டிப் போடுகிறது. ஒரு தாளில் வரப்போகும் 13 வாரத்துக்கு 13 வரி போடுங்கள். வாரா வாரம் சி.சி. (பேங்க் கேஷ் கிரெடிட்) இருப்பு, வரவு, சம்பளம், தவணை, கரண்ட் பில், டூலிங், ஜி.எஸ்.டி. வரவைப் பில்லில் உள்ள தேதிப்படி போடக்கூடாது. அந்தக் கம்பெனி கடந்த மூன்று தடவை உண்மையில் எத்தனை நாளில் கொடுத்ததோ அதன்படி போடுங்கள். ஜி.எஸ்.டி.யில்தான் பலரும் சறுக்குவது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்து வரியை, மாத ரிட்டர்ன் என்றால், அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சனிக்கிழமை அரை மணி நேரம் போதும். ஆறாவது வாரத்தில் பள்ளம் தெரிந்தால் பேங்க் மேனேஜரிடம் இன்றைக்கே பேசலாம். தவணை தாண்டிய பிறகு போனால் பேச்சே வேறு. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன்.

பேமெண்ட் இழுப்பதில் கொஞ்சம் நம் பக்கத்துத் தவறும் இருக்கிறது. குறு, சிறு தொழிலுக்கான உதயம் பதிவு இருக்கிறதா? 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் தள்ளக்கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. நாள் கணக்கு சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து தொடங்கும், ஆகவே டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வண்டியைத் திருப்பக்கூடாது. பேமெண்ட் தாமதப் புகாருக்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் கொடுக்கலாம்தான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கஸ்டமர் மேல் யாரும் எடுத்த எடுப்பில் கொடுப்பதில்லை, கொடுக்கவும் வேண்டாம். அதைவிட நன்றாக வேலை செய்வது வருமான வரி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, வாங்கிய கம்பெனி பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். உதயம் எண்ணைப் பில்லில் அச்சிட்டு, மார்ச் கணக்கு முடிப்புக்கு முன் ஜனவரியிலேயே பாக்கிப் பட்டியலைப் பர்ச்சேஸுக்கு அல்ல, அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புங்கள். காலாண்டு ரிட்டர்ன் போடுபவராக இருந்தால் இன்னொன்று: முதல் இரண்டு மாதப் பில்லை அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஐ.எஃப்.எஃப்.பில் (ஜி.எஸ்.டி. தளத்தில் பில்லை ஏற்றும் வசதி) ஏற்றும்படி ஆடிட்டரிடம் சொல்லுங்கள். ஏற்றாவிட்டால் கம்பெனிக்கு இன்புட் கிரெடிட் (உங்கள் பில்லில் உள்ள வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை) தெரியாது, அதையே சாக்காக வைத்துப் பில்லை நிறுத்துவார்கள்.

இனி உடம்பு. டீயில் இருக்கும் காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பதுக்கு ஷிப்ட் மாற்றும்போது குடிக்கும் டீ இரண்டு மணிக்கும் உள்ளே இருக்கிறது. நாலு மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழும் நேரத்தை ஏழு நாளும் ஒன்றாக வையுங்கள். ஞாயிறு பத்து மணிவரை படுத்தால் அன்று ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும், திங்கட்கிழமை அலுப்புக்கு அதுவும் காரணம். படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைய வேலையைத் தாளில் எழுதுங்கள். "இன்சர்ட் 20 வாங்கணும், ஆடிட்டருக்குப் பில் அனுப்பணும்" என்று திட்டமாக எழுத வேண்டும். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் செய்த சின்ன ஆய்வில் இப்படி எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். போனில் எழுத வேண்டாம், அதிலேயே வாட்ஸ்அப்பும் இருக்கிறது.

பி.பி. பார்த்து எவ்வளவு நாளாயிற்று? 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், பட்டறைக்காரர்களோ அந்தப் பக்கமே போவதில்லை. டீ குடித்து அரை மணி நேரம் விட்டு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90க்குக் குறையாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். தூங்குவதற்காகக் குடிக்கிறீர்களென்றாலும், இருந்து என்ன பயன் என்று தோன்றினாலும், தள்ளிப்போடாமல் 14416க்கு கூப்பிடுங்கள். டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

லீவு எடுக்க நாளே இல்லை என்பீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அன்று டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள். கூலன்ட் டேங்க் கழுவுவதை ஆட்களிடம் விட்டுவிட்டு நீங்கள் பட்டறைக்குப் போகாமல் இருங்கள். போய் நின்றீர்களானால் கையில் ஸ்பேனர் வந்துவிடும்.

மச்சான் சொல்லும் நாலாவது மிஷின் விஷயம்: இரண்டு மாதம் தொடர்ந்து ராத்திரி போன் வராமல் இருந்து, எந்த ஒரு கம்பெனியின் பங்கும் மொத்த ஆர்டரில் பாதிக்குக் கீழே இறங்கி, புதுத் தவணையைச் சேர்த்த பிறகும் 13 வரியில் பள்ளம் விழாவிட்டால் வாங்குங்கள். அந்தக் கணக்கை மச்சானிடமே காட்டிப் பேசுங்கள்.