மாநாட்டு இடைவேளையில் தனியாக நிற்பது: பதில்

மாநாட்டு இடைவேளையில் எல்லோரும் குழுக் குழுவாகப் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் தனியாக நிற்கிறீர்கள், எப்படிப் போய்ச் சேர்வது என்று கேட்டிருந்தீர்கள். முழு வட்டமாக மூடி நிற்பவர்களை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் திறந்திருக்கும் குழுவாகப் பார்த்துப் போய் நில்லுங்கள். பைகான் (பைத்தான் நிரல்மொழிக்காரர்கள் கூடும் மாநாடு) மாதிரி மாநாடுகளில் இதற்குப் பெயரே உண்டு: பேக்-மேன் விதி. பேக்-மேன் என்ற வீடியோ கேமில் வாயைத் திறந்தபடி வரும் மஞ்சள் உருண்டை போல, கூடி நிற்பவர்கள் எப்போதும் இன்னொருவருக்கு இடம் விட்டு நிற்க வேண்டும் என்பது எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருள்காரர் சொன்ன யோசனை. ஒருவர் வந்து சேர்ந்ததும் சற்று நகர்ந்து மறுபடி இடம் விட வேண்டும்.

"மூன்று குழுக்களிடம் போனேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை" என்கிறீர்கள். அநேகமாக அவர்கள் ஒரே கம்பெனிக்காரர்கள். கழுத்தில் தொங்கும் அட்டைகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே நிறுவனப் பெயர் என்றால் அது ஆபீஸ் அரட்டை. அதற்குள் வெளியாள் நுழைவது யாருக்குமே கஷ்டம்தான்.

அடுத்த இடைவேளையில்:

1. உரை முடிந்ததும் காபி வரிசைக்கு ஓடாமல், பேச்சாளரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் சேருங்கள். கேள்வி கேட்டவரிடமே "இதை நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று ஆரம்பிக்கலாம். பேச விஷயம் தேட வேண்டியதில்லை.

2. ஓப்பன் ஸ்பேஸ் (வந்தவர்களே தலைப்பு வைத்துக் கூடிப் பேசும் அமர்வு) பலகை இருந்தால் ஒரு சீட்டில் தலைப்பு, நேரம், இடம் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு இதுதான் சுலபம்.

அப்புறம் ஒன்று: இருவர் மட்டும் எதிரெதிரே நின்று தாழ்ந்த குரலில் பேசினால் கிட்டே போக வேண்டாம், வேலை மாறுவது பற்றிய பேச்சாக இருக்கலாம். இரவு பார்ட்டியையும் பெரிதாக நம்ப வேண்டாம், பாட்டுச் சத்தத்தில் பெயர்கூடக் காதில் விழாது.