உடம்பைப் பேணுவதும் கடவுளிடம் துணிந்து கேட்பதும் பக்தியில் சேருமா, இல்லை உலக ஆசையா?

இரண்டும் பக்தியில் சேர்ந்தவைதான். சுருக்கமான பதில் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

"நடைப்பயிற்சிக்குக் கொடுக்கும் நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கலாமே என்கிறார்கள், இன்னது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால் தாழ்மை இல்லை என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் என்கிறார்கள் என்று எழுதவில்லை. நானே ஊகித்துக்கொள்கிறேன். ஜெபக்குழுவில் மூத்தவர், உங்களைவிட நல்ல உடல்நிலையில் இருப்பவர். உங்களுக்கு ஏதோ ஒரு வியாதி இருக்கிறது, அதை அந்தக் குழுவில் நீங்கள் சொன்னதில்லை. தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் இந்தக் கேள்வியை முழு ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் இறையியல் படித்தவள் இல்லை. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், அவ்வளவுதான். பல வருடமாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். அதனால் "சரீரத்தைக் கவனிப்பது மாம்சத்துக்குரியது" என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் சூடாகிவிடும். அந்தச் சூடு இந்தப் பதிலிலும் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் போய்வந்த ஒரு ஜெபக்குழுவில் ஒருநாள் உபவாசக் கூட்டம். காலையிலிருந்து தண்ணீர் மட்டும். நான் ஊசி போட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். மறைக்கவும் இல்லை. வாசலிலேயே ஒருவர், "ஆண்டவருக்காக ஒரு நாள் வயித்தைக் கட்ட முடியலையா சிஸ்டர்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இந்த மாதிரிக் கேள்விகளைச் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

மதியம் தாண்டி ஒரு பெரியவர் எழுந்து ஜெபிக்கத் தொடங்கினார். ஐயா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நல்ல மனிதர், வேதத்தை நன்றாக அறிந்தவர். கொஞ்ச நேரத்தில் அவர் கை நடுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்வை. வார்த்தை குழறியது, சொன்ன வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் "அபிஷேகம் இறங்குது" என்று அல்லேலூயா போட்டார்கள், கைதட்டல் கூடியது, இரண்டு பேர் அவர் தலைமேல் கை வைத்தார்கள்.

எனக்கு அந்த வியர்வை தெரியும். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும் வியர்வை அது. என் உடம்பில் எத்தனையோ தடவை வந்தது. ஐயாவுக்கும் சர்க்கரை இருப்பது எனக்கு மட்டும் தெரியும், இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர், காத்திருக்கும் நாற்காலியில் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறோம். எழுந்து போய், "ஐயா, உட்காருங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். என் பையில் எப்போதும் மீட்டரும் குளுக்கோஸ் பொடியும் இருக்கும். விரலில் குத்திப் பார்த்தால் 48. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு, 54க்குக் கீழே ஆபத்து. விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது ஏறியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "நான் என்னம்மா சொல்லிட்டிருந்தேன்?" என்றார்.

நடத்துகிறவர் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆவியானவர் கிரியை செய்யும்போது குறுக்கே போயிட்டீங்க சிஸ்டர்." நான் மீட்டரைக் காட்டினேன். "அது சரி, ஆனா எல்லாத்தையும் மருத்துவக் கண்ணால பார்க்கக் கூடாது" என்றார். ஐயா தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மட்டும் இரவு போன் செய்தார். "காலையில மாத்திரையைப் போட்டுட்டுத்தான் வந்திருக்காரும்மா. சாப்பிடப் போறதில்லைன்னு என்கிட்ட சொல்லவே இல்ல."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. சர்க்கரைக்கான சில மாத்திரைகள், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். போட்ட ஊசியும் அப்படித்தான். வயிறு காலியாக இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை சரிந்துகொண்டே போகும். மெட்ஃபார்மின் என்ற மாத்திரையை மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம், பேச்சுக் குழறல் எல்லாம் மூளைக்குத் தீனி போதவில்லை என்பதன் அடையாளம். அதைப் பரிசுத்த ஆவியின் கணக்கில் எழுதுவது ஆவியானவருக்கு மரியாதையா? எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வேறொன்று மனதில் உறுத்தியது. அன்று முழுக்க நடந்த ஜெபங்களில் ஒருவர்கூடத் தனக்காக எதுவும் கேட்கவில்லை. தேசத்துக்காக, எழுப்புதலுக்காக, ஊழியங்களுக்காக, எல்லாவற்றுக்கும் ஜெபித்தார்கள். அத்தனை வருடம் அந்தக் குழுவில் இருந்த ஐயா தன் சர்க்கரை நோய்க்காக ஒரு தடவைகூட ஜெபிக்கச் சொன்னதில்லை, அங்கே யாருக்கும் அது தெரியவே தெரியாது. தனக்குப் பசிக்கிறது என்று ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிற ஆள், கடவுளிடம் போயும் தனக்கு எதுவும் வேண்டாததுபோலத்தான் நிற்பார். உடம்பைப் பட்டினி போடுவதும் ஜெபத்தை மொட்டையாக வைத்திருப்பதும் ஒரே வெட்கத்தின் இரண்டு பக்கம் என்று நான் அப்போதுதான் நினைத்தேன். உங்கள் கேள்வியில் இந்த இரண்டும் சேர்ந்தே வந்திருப்பது தற்செயல் என்று எனக்குப் படவில்லை.

இப்போது வேதத்துக்கு வருகிறேன். "உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்" என்ற வசனத்தை எல்லாரும் எடுப்பார்கள். நேர்மையாகச் சொன்னால், 1 கொரிந்தியர் 6இல் பவுல் பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. உடற்பயிற்சிக்கூடத்துச் சுவரில் ஒட்டுவதற்காக அவர் அதை எழுதவில்லை. ஆனாலும் அவருடைய வாதத்தின் அடித்தளம் சரீரம் ஆண்டவருடையது என்பதுதான், அது நமக்கும் போதும். மறுபக்கத்தில் உங்கள் மூத்தவர் நிச்சயம் 1 தீமோத்தேயு 4:8ஐத்தான் எடுப்பார், சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது என்ற வசனம். அடுத்த அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அதே பவுல் அதே தீமோத்தேயுவிடம், வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்காதே, உன் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார். ஒரு அப்போஸ்தலன், ஒரு இளம் போதகருடைய வயிற்றை விசாரித்து எழுதிய கடிதம் நம் வேதத்தில் சேர்ந்திருக்கிறது.

எலியா தீர்க்கதரிசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூரைச்செடியின் கீழ் "போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று படுத்தவனுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். கடவுளைச் சந்திக்க ஓரேப் மலைக்கு நடந்தது அதற்குப் பிறகுதான். யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய இயேசு உடனே சொன்னது அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று.

எனக்கு மிகவும் பிடித்தது எசேக்கியா ராஜாவின் கதை. ஏசாயா 38, 2 இராஜாக்கள் 20, இரண்டிலும் இருக்கிறது. வியாதியாய்க் கிடந்த ராஜாவிடம் தீர்க்கதரிசி ஏசாயா வந்து நீர் பிழைக்கமாட்டீர் என்று சொல்லிவிட்டார். கடவுளுடைய வாயிலிருந்தே தீர்ப்பு வந்தாயிற்று. நம்மில் பலர் அங்கே "உமது சித்தம்" என்று சொல்லிப் படுத்திருப்போம், அதைப் பக்தி என்றும் சொல்லிக்கொண்டிருப்போம். எசேக்கியா முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டு, மிகவும் அழுது, நான் எப்படி நடந்தேன் என்று நினைத்தருளும் என்று வாதாடினார். அந்தத் தைரியத்துக்காகக் கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. ஏசாயா முற்றத்தைத் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது, உன் கண்ணீரைக் கண்டேன், 15 வருஷம் கூட்டுவேன் என்று. அதோடு முடிந்ததா? அதே ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போடுங்கள் என்கிறார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வாயிலிருந்து வந்தன. பற்றுப் போட்டதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அங்கே யாரும் ராஜாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதாக இல்லை.

"உமது சித்தம்" பற்றி ஒரு வார்த்தை. சிலுவைக்கு முந்தைய இரவில் இயேசு கெத்செமனேயில் ஜெபித்ததை உதாரணம் காட்டுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். "என் சித்தத்தின்படியல்ல" என்பது இரண்டாவதாக வருகிறது. முதலில் வருவது இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்ற நேரடி வேண்டுதல். முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொல்கிறவர் எதை ஒப்புக்கொடுக்கிறார்? பர்திமேயுவைப் பாருங்கள். அவன் குருடன் என்பது ஊருக்கே தெரியும். அப்படியும் இயேசு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். அவன் வாயால் வரவேண்டும் என்று காத்திருக்கிறார். சும்மா இரு என்று அதட்டியது கூட்டத்தில் இருந்தவர்கள்தான். கிருபாசனத்தண்டையில், அதாவது கடவுளுடைய கிருபையின் சிங்காசனத்தின் அருகில், தைரியமாய்ச் சேரச் சொல்லி எபிரெயர் 4:16 அழைக்கிறது, நாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றுவிடுகிறோம்.

என் சொந்த ஜெபங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்கிற செழிப்பு உபதேசம் பேசுகிறாள் என்று யாராவது எழுதுவார்கள். இந்த நோயை எடுத்துவிடும் என்று அழுது கேட்டிருக்கிறேன். எடுக்கவில்லை. பவுலும் தன் சரீரத்தில் இருந்த முள் என்று அவர் சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று தரம் கேட்டார், கிருபை போதும் என்றுதான் பதில் வந்தது. ஆனால் மூன்று தரம் கேட்டார் என்பதும் அதே பகுதியில்தான் எழுதியிருக்கிறது. பிறகு கண்ணின் விழித்திரையில் கசிவு என்றபோது, "ஆண்டவரே, எனக்குக் கண் வேண்டும், பிள்ளைகளுக்கு வேதம் வாசித்துக் காட்ட வேண்டும், பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும்" என்று பட்டியலாகவே கேட்டேன். லேசர் சிகிச்சை செய்தார்கள். போனது திரும்பவில்லை, இருப்பது நின்றிருக்கிறது. இதில் ஜெபம் எவ்வளவு, லேசர் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் கணக்கு இல்லை. நான் இரண்டுக்கும் நன்றி சொல்லிவிட்டேன். இரவில் கால் கழுவி, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன், என் நோய்க்காரர்கள் எல்லாரும் செய்ய வேண்டியது அது, காலில் உணர்வு குறைந்தால் காயம் வலிக்காது. எனக்கு அதுதான் ஜெப நேரமும். சீஷர்களின் காலைக் கழுவியவருக்கு இது அற்பமாகத் தெரியாது என்று நம்புகிறேன்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அந்தக் குழுவின் வாட்ஸ்அப். விடியும் முன்பே ஒன்பது நிமிடக் குரல் பதிவு. அதற்குக் கீழே நாற்பது "ஆமென்". கேட்டுவிட்டுத்தான் ஆமென் போடுகிறார்களா என்றால், பதிவு வந்த முதல் நிமிடத்திலேயே பாதி ஆமென் வந்துவிடுகிறது. இதில் "ஆமென் போடாதவர்கள் ஆசீர்வாதத்தை இழப்பீர்கள்" என்று ஒரு படம் வேறு. யாராவது தன் மாமியாருக்கு ஆபரேஷன் என்று எழுதினால் அது அந்த ஆமென்களுக்கு அடியில் புதைந்துவிடும். தூங்கும் நேரத்தில் போன் அலறுவதைப் பற்றி நான் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன், "விழித்திருந்து ஜெபம் பண்ணுங்கள்" என்று வசனம் வந்தது. தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்று சங்கீதம் 127இல் இருப்பதை நான் பதிலுக்குப் போட்டேன். அதற்கு ஒரு ஆமென்கூட வரவில்லை.

சரி. உபவாசத்துக்கு நான் எதிரி என்று தயவுசெய்து கருத்தில் எழுதாதீர்கள். இயேசு உபவாசித்தார், உபவாசிக்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னார்: தலைக்கு எண்ணெய் பூசு, முகத்தைக் கழுவு. அதிலும் உடம்பைக் கவனிக்கச் சொல்லித்தான் இருக்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி உபவாசத்தை விடாமல் கடைப்பிடித்தவர். அவரேதான் 1746இல் லண்டனில் ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் இடத்தைத் திறந்தார், 1747இல் சாதாரண மக்களுக்காக ஒரு வைத்தியக் கையேடும் வெளியிட்டார். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பிஷப் பசிலியு, கடுமையான துறவி, வாழ்நாள் எல்லாம் நோயாளி, நோயாளிகளையும் ஏழைகளையும் தங்க வைத்துக் கவனிக்கும் பெரிய இல்லம் ஒன்றைக் கட்டினார். இவர்களைவிட ஆவிக்குரியவர்கள் என்று உங்கள் குழுவில் யாராவது இருந்தால் எனக்குத் தெரியாது.

உடம்பையே தெய்வமாக்கிக் கண்ணாடி முன்னால் நாளைக் கழிப்பதையும் நான் பக்தி என்று சொல்லவில்லை. அந்தப் பிரச்சினை உங்களுக்கு இருப்பதாக உங்கள் கேள்வியில் தெரியவில்லை, அதனால் அதற்குள் போகவில்லை.

நீங்கள் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், அடுத்த உபவாசக் கூட்டத்துக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். மருந்தின் அளவை அன்றைக்கு மாற்ற வேண்டுமா, உபவாசமே கூடாதா என்று அவர் சொல்வார். சாப்பாட்டுக்குப் பதிலாகப் போனையோ தொலைக்காட்சியையோ விட்டு உபவாசிக்கலாம், எனக்கு அதுதான் கஷ்டமாகவும் இருக்கிறது. கூட்டத்துக்குப் போனால் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் நோயைச் சொல்லி வையுங்கள். நடக்கும்போது ஜெபித்துக்கொண்டே நடங்கள், நேரத்தைப் பங்குபோடும் சண்டை அதோடு முடிந்துவிடும். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைப் பெயர் சொல்லியே கேளுங்கள், மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சத்தமாகவே கேளுங்கள். ஒருவேளை அவருக்கும் ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கலாம்.