ஆன்டிகார்டியோலிப்பின் 22: ஊசி தேவையா?

கேள்வி: எனக்கு 29 வயது. இரண்டு முறை எட்டாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. போன மாதப் பரிசோதனையில் ஆன்டிகார்டியோலிப்பின் ஐ.ஜி.எம். 22 என்றும், ஐ.ஜி.ஜி. இயல்பு என்றும் வந்தது. இனிக் கருவுற்றால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தினமும் போட வேண்டும் என்கிறார்கள். முதல் கர்ப்பத்தில் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்று வந்து, வீட்டில் பெரிய மனக்கசப்பு. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு. உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கார்டியோலிப்பின் என்பது மாட்டு இதயத்திலிருந்து 1941-இல் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு கொழுப்பு. சிபிலிஸ் என்ற பால்வினை நோயைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் அதே கொழுப்புதான் பயன்படுகிறது. ஆன்டிகார்டியோலிப்பின் என்பது இந்தக் கொழுப்புக்கு எதிராக உடலே உருவாக்கும் எதிரணு (ஆன்டிபாடி); ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. அதன் இரு வகைகள். ஆகவே, இந்த எதிரணு உடலில் இருந்தால், சிபிலிஸ் இல்லாதவருக்கும் பாசிட்டிவ் வரலாம். அந்த ஒரு தாளை வைத்து உங்களையோ கணவரையோ சந்தேகித்தது அநியாயம். டி.பி.எச்.ஏ. என்ற உறுதிப்படுத்தும் பரிசோதனையை இருவரும் செய்துகொள்ளுங்கள். உண்மையிலேயே சிபிலிஸ் இருந்தால் பென்சிலின் ஊசியால் குணமாகும்.

அடுத்து, அந்த 22. இது குறைந்த அளவு. 40 அலகுக்கு மேல் இருந்து, 12 வாரம் கழித்துச் செய்யும் பரிசோதனையிலும் அப்படியே நீடித்தால்தான் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வோம். சாதாரணத் தொற்றுக்குப் பிறகுகூட இந்த எதிரணு சில வாரங்கள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். பத்து வாரத்துக்கு முன்பே கரு கலைவதற்குக் குரோமோசோம் கோளாறே அடிக்கடி காரணமாக இருக்கிறது. இப்போதைய நிலையில் உங்களுக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் (இத்தகைய எதிரணுக்களால் ரத்தம் கட்டிக்கொள்ளும் நோய்) இருப்பதாக நான் சொல்ல மாட்டேன்.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில் இந்த எதிரணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரையும் தட்டணுக்களையும் தூண்டிவிட்டு, கால் ரத்தக் குழாயிலும் நுரையீரலிலும் மூளையிலும் ரத்தம் கட்டிக்கொள்ளச் செய்கின்றன, நஞ்சுக்கொடியையும் பாதிக்கின்றன. இளம் வயதில் பக்கவாதம் வந்தவர்களிடம் இதைத் தேடுவது அதனால்தான். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த எதிரணுக்கள் இருக்கின்றன. மூட்டுவலி, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, தட்டணுக் குறைவு ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் பரிசோதனைக்கு 12 வாரம் கழித்து ஆன்டிகார்டியோலிப்பினுடன் பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிரணுவையும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற இன்னொரு எதிரணுவையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றிலும் ரத்தக்கட்டி அபாயத்தை அதிகம் காட்டுவது கடைசியில் சொன்னதுதான். ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கிவிட்டால் அதன் முடிவு குழம்பிவிடும். ஊசிக்கு அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதுவரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம், ஆணுறை போதும்.

நோய் உறுதியானால் சிறு அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்ந்த சிகிச்சை உண்டு. அதில் பல பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுக்கக் கூடாது. அது சிசுவைப் பாதிக்கும்.

இதற்கிடையில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, வாய் கோணினாலோ 12 வாரக் கணக்கைப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாள் தள்ளிப்போனாலும் தாமதிக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் இந்தத் தாள்கள் அனைத்தையும் காட்டுங்கள்.